குர்லா ஆறும் குடவோலையும்

தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வரும் நெடுந்தூரப் புகைவண்டிகள் சில, குர்லாவிலுள்ள லோகமானிய திலக் முனையத்தில் வந்து நிற்கின்றன. மூட்டை முடிச்சுகளுடன் இறங்கித் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வழி கேட்கும் நம்மவரிடம், அருகே ஓர் ஆறு ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மேல்காற்று அடித்தால் மூக்கே சொல்லிவிடும். அவ்வாற்றின் பெயர் மித்தி. இனிமை என்பது அச்சொல்லின் பொருள். பெயரிட்டவர் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்று நம்புவோமாக.

விஹார் ஏரி 1860-ஆம் ஆண்டிலும், போவாய் ஏரி 1891-ஆம் ஆண்டிலும் நகரின் குடிநீருக்காகக் கட்டப்பெற்றன. அவ்விரு ஏரிகளும் நிரம்பி வழியும் நீரே மித்தியின் தலைநீர். மழை ஓய்ந்த மாதங்களில் ஏரிகள் வழிவதில்லை. ஆகவே அப்போது ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் வீடுகளின் சாக்கடையும் பட்டறைகளின் கழிவுமே ஆகும். சாக்கி நாக்கா, குர்லா, காலினா, தாராவி எனப் பதினெட்டுக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு நடந்து, மாஹிம் அருகே அது கடலில் கலக்கிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதைக்காக அது செங்கோணமாக வளைக்கப்பட்டது. பாந்திரா–குர்லா வணிக வளாகத்துக்காக அதன் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நாளில்தான் மும்பை மாநகரம் தனக்கு ஓர் ஆறு உண்டு என்பதை நினைவுகூர்ந்தது எனலாம். அவ்வெள்ளத்தால் மராட்டிய மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவருள் நம் மக்களும் இருந்தனர்.

வீட்டுக்குக் கணக்கு உண்டு. கடைக்குக் கணக்கு உண்டு. மாட்டுங்காவில் ஒரு பஜனை மண்டலி நடத்தினாலும் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்து முடிக்காமல் காப்பி கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஓர் ஆற்றில் யார், எதை, எவ்வளவு கொட்டினார் என்பதற்குக் கணக்கு எழுதுபவர் யார்? எழுதிய கணக்கைச் சரிபார்ப்பவர் யார்? சரிபார்ப்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? இம்மூன்று கேள்விகளின் வரலாறே சுற்றுச்சூழல் தணிக்கையின் வரலாறு. மூன்றனுள் மூன்றாவதே பெரிது என்பது நம் கருத்து.

இவ்வரலாற்றை மேல்நாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரிலிருந்து தொடங்குவோம். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஆண்டுகள் 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். இக்குடவோலை முறையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பள்ளியில் அழுத்திச் சொல்லாத செய்தி ஒன்றும் அதே கல்வெட்டில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டுமன்று, அவருக்கு இன்ன இன்ன உறவினரின் பெயரும் இடப்படலாகாது என்று முறை வைத்து எழுதியிருக்கின்றனர். அண்மையில் வாரியத்தில் இருந்தவரும் சில ஆண்டுகள் ஒதுங்கி நிற்க வேண்டும். வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைத் தூர் வாருவதும் கரையைக் காப்பதும் அதன் பொறுப்பு.

அம்முறையை நாம் மிகைப்படப் புகழ வேண்டியதில்லை. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. ஆயினும் கணக்கைப் பார்ப்பவர் கணக்குக்குரியவரின் சுற்றத்தாராக இருத்தல் கூடாது என்பதையும், ஆளைத் தேர்வதில் எவருடைய விருப்பமும் நுழையக்கூடாது என்பதையும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர்க் கணக்கின் பொருட்டு எண்ணிப் பார்த்திருக்கின்றனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று இன்று நாம் சொல்லும்போது, வாரியம் என்ற அந்தப் பழஞ்சொல்லைத்தான் வழங்குகிறோம். சொல் வந்து சேர்ந்தது. சொல்லோடிருந்த முறை வந்து சேர நெடுங்காலமாயிற்று.

இக்காலத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை அமெரிக்க நாட்டில், 1970-களில் தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்து ஹோப்வெல் என்னும் ஊரில் கெப்போன் என்ற பூச்சிமருந்தைச் செய்தனர். அலைடு கெமிக்கல் என்ற பெரிய நிறுவனத்துக்காக, லைஃப் சயன்ஸ் புராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் அதனைச் செய்து கொடுத்தது. அதன் தொழிற்கூடம் ஒரு பழைய பெட்ரோல் நிலையக் கட்டடம். 1975-ஆம் ஆண்டு அங்குள்ள தொழிலாளர்க்குக் கை நடுக்கம் கண்டது, கூடம் மூடப்பட்டது. கழிவு ஜேம்ஸ் ஆற்றில் கலந்திருந்தபடியால், ஆற்றில் மீன்பிடிப்பும் தடுக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தின் வேலையைச் சிறிய கொட்டகை செய்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குர்லாவுக்குத் திரும்பும்போது அது பயன்படும்.

அதன்பின் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் பெரிய நிறுவனங்கள் சிலவற்றை, தம் ஆலைகளால் எதிர்காலத்தில் எவ்வளவு இழப்பீடு கொடுக்க நேரும் என்று தாமே ஆராய்ந்து கூறுமாறு பணித்தது. ஆற்றுக்கு இரங்கி இதனைச் செய்யவில்லை; பங்கு வாங்கியவரின் பணத்துக்கு இரங்கிச் செய்தனர். தணிக்கை என்னும் குழந்தை முதலாளியின் வீட்டிலேயே பிறந்தது என்பதற்கு இதுவே சான்று. முதலாளி அழைத்த வல்லுநர், முதலாளிக்காக எழுதிய அறிக்கை, முதலாளியின் மேசையில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பட்டறிந்தது. போபாலிலுள்ள யூனியன் கார்பைடு ஆலைக்கு 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு குழு வந்து பாதுகாப்பு ஆய்வு நடத்தியது. நச்சு வாயுப் பிரிவிலும் பிற பிரிவுகளிலும் இருந்த குறைகளை எழுதிக் கொடுத்தது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் நிகழ்ந்ததை நாம் இங்கே விரிக்க வேண்டியதில்லை. அறிக்கை இருந்தது, அவ்வறிக்கையில் என்ன இருந்தது என்பது ஆலையின் மதிலை ஒட்டிக் குடியிருந்தவர்க்குத் தெரியாது.

போபாலுக்குப் பின்னர் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் விதிகளின்கீழ் 1992-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி வாரியத்தின் இசைவு பெற்று நடக்கும் ஒவ்வொரு தொழிலும், அபாயகரமான கழிவுகளைக் கையாள அனுமதி பெற்ற ஒவ்வொரு தொழிலும், ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை ஒன்றை மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்வளவு பரந்த கட்டளையை அந்நாளில் விதித்த நாடுகள் மிகச் சிலவே. ஆனால் ஓராண்டு கழித்து, 1993 ஏப்ரல் 22-ஆம் நாள், அறிவிக்கை திருத்தப்பட்டது. தணிக்கை அறிக்கை என்றிருந்த இடத்தில் சுற்றுச்சூழல் கூற்று என்று எழுதினர். மே 15 என்றிருந்த கடைசி நாள் செப்டம்பர் 30 ஆயிற்று. நாள் மாறியதால் தீங்கில்லை. சொல் மாறியதால் பொருளும் மாறியது. தணிக்கை என்றால் மற்றொருவர் பார்க்க வேண்டும். கூற்று என்றால் தானே கூறிக்கொண்டால் போதும்.

அக்கூற்றை எழுதுவதற்குரிய படிவத்தைப் படிவம் 5 என்பர். நாம் அதனைப் படித்துப் பார்த்தோம். நல்ல படிவம், குறை சொல்ல இடமில்லை. நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு மூலப்பொருள் ஆகிறது, சென்ற ஆண்டு எவ்வளவு ஆயிற்று, வெளியேறும் மாசு எவ்வளவு, அபாயகரமான கழிவு எவ்வளவு, அது எங்கே போயிற்று, மாசைக் குறைத்ததனால் மிச்சமான செலவு எவ்வளவு என்றெல்லாம் அது கேட்கிறது. நேர்மையாக நிரப்பினால் ஓர் ஆலையின் வயிற்றுக்குள் நடப்பது முழுவதும் ஒரு சில தாள்களில் தெரிந்துவிடும்.

நேர்மையாக நிரப்பப்பட்டதா என்று கண்டுபிடிப்பதே தணிக்கையாளரின் தொழில். அத்தொழிலின் நுட்பத்தைச் சற்று விளக்குவோம். ஏனெனில் தணிக்கை என்றால் ஆய்வகத்தில் குப்பியை ஆட்டிப் பார்ப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். குப்பியும் உண்டு. ஆலை வெளியிடும் நீரை எடுத்து, அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளி கொள்கின்றன என்று அளப்பர். ஆற்றில் விடும் நீராயின் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது பொது அளவு. ஆனால் குப்பி ஒரு நாழிகையின் சாட்சி. தணிக்கையாளர் வரும் நாளில் நல்ல நீரைக் கலந்துவிட்டால் குப்பி பொய் சொல்லிவிடும்.

ஆகவே தேர்ந்த தணிக்கையாளர் முதலில் குழாயண்டை போவதில்லை, கணக்குப்பிள்ளையிடம் போகிறார். ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் லாரிகளின் ரசீதைப் பார்த்தால் உள்ளே வந்த நீர் எவ்வளவு என்பது தெரியும். ஆவியாகப் போனது இவ்வளவு, துணியோடு போனது இவ்வளவு என்று கழித்தால், மீதி கழிவுநீராக வெளியேறியிருக்க வேண்டும். உரிமையாளர் காட்டும் கழிவுநீர் அதிற் பாதியாக இருந்தால், மறுபாதி எந்த மதகு வழியே போயிற்று? கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்துக்குத் தனி மின்மானி இருக்கும். ஆண்டு முழுதும் ஓடியதாகச் சொல்லும் எந்திரம் மின்சாரம் உண்ணாமல் ஓடியிராது. சுண்ணாம்பும் படிகாரமும் வாங்கிய ரசீது எங்கே? தூய்மை செய்தால் வண்டல் தேங்க வேண்டுமே, அவ்வண்டல் எத்தனை மூட்டை, எந்த லாரியில் ஏறிற்று? சாயமேற்ற உப்பு வேண்டும். வாங்கிய உப்பு துணியில் தங்குவதில்லை. நீரோடுதான் போக வேண்டும். திருப்பூரின் நொய்யலாற்றில் ஒரத்துப்பாளையம் அணையை நீரே தேக்க வேண்டாம் என்று உழவர் கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தது இவ்வுப்புத்தான். சாயத்தின் நிறத்தைக் கண் காணும்; உப்பைக் கண் காணாது; ரசீது காட்டிக்கொடுக்கும். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரையில், உப்பு வாங்கிய ரசீதுகளெல்லாம் ஒழுங்காகக் கட்டித்தான் வைக்கப்பட்டிருந்திருக்கும்.

ஆலைக்குள் புகாமலே செய்த தணிக்கையும் நம் நாட்டில் உண்டு. அதன் புகழ் தமிழர்க்கு உரியது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது குறித்து, வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பில் திண்டுக்கல் வட்டாரத்துப் பதின்மூன்று சிற்றூர்களில் எடுத்த ஒரு கணக்கு இடம்பெற்றுள்ளது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் கெட்டுப்போனவை 350. அரசு ஊழியரோ ஆலை அழைத்த வல்லுநரோ அக்கணக்கை எடுக்கவில்லை. ஒரு தொண்டு அமைப்பினர் ஊர் ஊராகச் சென்று கிணறு கிணறாக எண்ணினர். தோல் ஆலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயனற்றுப் போயிற்று என்ற ஆய்வுக் கணக்கும் தீர்ப்பில் உண்டு. ஒவ்வோர் ஆலையும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் கட்ட வேண்டும் என்றும், கேட்டுக்கு ஈடு செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறி நம் சட்டத்தில் வேரூன்றியதற்கு இவ்வழக்கு ஒரு காரணம்.

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். கூலி கொடுப்பவர் யார்?

இக்கேள்வி குஜராத்தில் எடைபோட்டுப் பார்க்கப்பட்டது. ஆமதாபாத்தைச் சுற்றிய தொழிற்பேட்டைகளின் கழிவு வாய்க்கால்களில் பாய்ந்தது குறித்து எழுந்த வழக்குகளின் விளைவாக, அம்மாநில உயர் நீதிமன்றம் 1996-இல் ஒரு தணிக்கைத் திட்டம் வகுத்தது. அதன்படி ஆலையார் தாமே கூறிக்கொள்வது போதாது. வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்து அளந்து எழுத வேண்டும். நல்ல திட்டமே. ஆனால் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பவர் ஆலையார். கூலி கொடுப்பவரும் ஆலையார். அக்கூலியும், ஒழுங்காக அளக்க ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தது. குறைந்த கூலிக்கு நிறைந்த வேலை யார் செய்வார்?

2009 முதல் ஈராண்டுக் காலம், எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியல் அறிஞர் நால்வர், குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து ஆமதாபாத், சூரத் வட்டாரங்களின் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினர். (டஃப்ளோ அம்மையார் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்.) ஒரு பகுதி ஆலைகளில் பழைய முறையே நடந்தது. மறு பகுதியில் எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர்; கூலியை ஒரு பொது நிதியிலிருந்து ஒரே அளவாகக் கொடுத்தனர்; அவர் அளந்த இடத்தையே வேறொருவர் மீண்டும் அளந்து சரிபார்த்தார்.

முடிவு வியப்பாக இருந்தது. ஆலைப்பக்கம் வாழ்பவர்க்கு அவ்வளவு வியப்பாக இராது. புகைபோக்கியின் தூசி அளவில், பழைய முறைத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் பார்த்தால் 100 ஆலைகளுள் 7 மட்டுமே வரம்பு மீறியவை. மீண்டும் அளந்து பார்த்ததில் மீறியவை 59. ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்பது வரம்பு. பழைய அறிக்கைகளின் அளவுகளெல்லாம் அந்த 150-க்குச் சற்றுக் கீழே வந்து கூட்டமாக நின்றன; தேர்வில் சரியாகத் தேர்ச்சி எண்ணைத் தொட்டு நிற்கும் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் போல. குலுக்கி அனுப்பப்பட்ட தணிக்கையாளரோ, மாசுள்ள ஆலையைத் தூயதென்று எழுதுவதை 80 விழுக்காடு குறைத்துக்கொண்டனர். இன்னொன்றும் நிகழ்ந்தது: மெய்யறிக்கை எழுதப்பட்ட ஆலைகள் மாசையும் குறைத்தன. சட்டம் மாறவில்லை, வரம்பு மாறவில்லை, எந்திரமும் மாறவில்லை. தணிக்கை செய்தவர்கள் பெரும்பாலும் முன்பு செய்த அதே ஆட்கள். அவர்கள் தீயவராக இருந்து நல்லவராக மாறிவிட்டனர் என்று கொள்வதற்கில்லை. மெய் எழுதினால் அடுத்த ஆண்டு வேலை போய்விடும் என்ற அச்சம் நீங்கியது, அவ்வளவே. 2015-இல் அம்மாநில வாரியம் குலுக்கல் முறையையே ஏற்றுக்கொண்டது. குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனை அழைத்த உத்திரமேரூரார் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

இனி நாம் குர்லாவுக்குத் திரும்பலாம். 2005 வெள்ளத்துக்குப் பிறகு மித்தி ஆற்றுக்கென ஓர் ஆணையம் அமைந்தது. ஆற்றில் கொட்டுவோர் யார் என்று மராட்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பிற நிறுவனங்களும் ஆராய்ந்தன. பைல் பஜார், ஜரிமரி, அந்தேரி–குர்லா சாலை ஆகிய பகுதிகளின் மாட்டுத் தொழுவங்கள், காயலான் கடைகள், எண்ணெய்ப் பீப்பாய் கழுவும் பட்டறைகள் ஆகியவை அவ்வாராய்ச்சிகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பீப்பாய் கழுவுதல் என்றால் வெளியூர் நேயர்க்கு விளங்காது. ஆலைகளில் எண்ணெயும் சாயமும் அமிலமும் வந்த இரும்பு டிரம்கள் காலியானவுடன் விலைக்கு விற்கப்படுகின்றன. ஆற்றோரக் கொட்டகைகளில் அவற்றைக் கழுவி, தட்டி நேராக்கி, வண்ணம் பூசி மறுபடி விற்பர். அடியில் ஒட்டியிருந்தது கழுவிய நீரோடு ஆற்றுக்குப் போகிறது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டிலும் டப்பாக்களையும் டிரம்களையும் கழுவிப் புதுக்கும் இத்தகைய தொழில்கள் நடப்பதை நம்மவர் அறிவர். அவ்வேலையில் பல மாநிலத்தாரும் உள்ளனர், தமிழரும் உள்ளனர். கையுறை இல்லாமல், ரப்பர்க் காலணி இல்லாமல், நாள் கூலிக்கு நிற்கும் அவர்களை ஆற்றின் பகைவர் என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியவர்களும் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

ஏனெனில் அந்த டிரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும். ஏதோ ஒரு பெரிய ஆலையிலிருந்து வந்தது. அவ்வாலை படிவம் 5 நிரப்பியிருக்கும். சான்றிதழ் பெற்றுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். அதன் பணக் கணக்கில் பழைய டிரம் விற்ற வகையில் வரவு இத்தனை என்று இருக்கும். டிரம்மின் அடியில் ஒட்டிக்கொண்டு போன நஞ்சு எந்தக் கணக்கிலும் இராது. ஆலையின் கணக்கு வாயிற்கதவோடு முடிந்துவிடுகிறது. இரசாயனம் ஒட்டிய காலிப் பீப்பாய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவே ஆகும். அதனைக் கையாள உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் பெற்றவர் கூடுதல் காசு கேட்பார். கொட்டகைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். ஹோப்வெல்லில் பெட்ரோல் நிலையக் கட்டடத்தில் நடந்தது போன்றதே இங்கே தகரக் கூரையின்கீழ் நடக்கிறது. வாரியத்தின் இசைவு பெற்ற தொழிலுக்குத்தான் படிவம் உண்டு என்று மேலே கண்டோம். கொட்டகைக்கு இசைவு இல்லை. ஆதலால் படிவம் இல்லை. ஆதலால் காகிதத்தின்படி அக்கொட்டகையே இல்லை. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அது உயிர் பெற்று இடிக்கப்படுகிறது. சில மாதங்களில் இரண்டு தெரு தள்ளி முளைக்கிறது. டிரம்கள் வருவது நின்றாலன்றி அது நிற்காது.

ஆற்றைத் தூர் வாரும் கணக்கும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயில்லை. மித்தியில் எடுக்காத வண்டலை எடுத்ததாகப் பட்டியல் கொடுத்து, வண்டலைக் கொட்டிய நிலம் குறித்தும் போலி ஆவணம் காட்டி, மாநகராட்சிக்குச் சுமார் 65 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுத்தினர் என்று 2025 மே மாதத்தில் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றம் கூறும். ஏரி வாரியத்தார் கணக்குக் காட்டாவிட்டால் என்ன செய்வது என்று பராந்தகன் காலத்தில் ஏன் அத்தனை அக்கறையாக எழுதினர் என்பது இச்செய்தியைப் படித்தபோது நமக்கு விளங்கிற்று.

அதே 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள் மித்தி மீண்டும் பெருகி 3.9 மீட்டர் உயரத்தை எட்டியது. குர்லாவில் ஆற்றை ஒட்டிய கிராந்தி நகரிலிருந்து சுமார் 350 பேரை வெளியேற்றிப் பாதுகாப்பான இடத்தில் தங்கவைத்தனர். குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்களையும் குடும்ப அட்டையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வைப்பது அங்கே மழைக்கால வழக்கங்களுள் ஒன்று.

பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 29-ஆம் நாள், மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், 2025 என்ற புதிய விதிகளை வெளியிட்டது. தகுதியும் பட்டறிவும் சான்று செய்யப்பட்டவர், அல்லது தேர்வில் தேறியவர், பதிவு பெற்ற தணிக்கையாளராகலாம். அவர் ஆலைகளுக்குச் சென்று அளந்தும் ஆவணம் பார்த்தும் அறிக்கை தரலாம். எந்த ஆலைக்கு எவர் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். 1992-இல் எழுதி 1993-இல் அழித்த தணிக்கை என்ற சொல், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. குடவோலையும் உடன் வந்திருக்கிறது. நாம் மகிழ்கிறோம். கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு வேலை தேடும் நம் இளைஞர்க்கு இது ஒரு புதிய தொழிலாகவும் அமையக்கூடும். தமிழும் மராட்டியும் இந்தியும் பேசத் தெரிந்த குர்லாப் பிள்ளைகளைவிட இங்குள்ள பட்டறைகளின் சந்துகளை அறிந்தவர் யார்? ஆயினும் கூலி எந்தக் கையிலிருந்து வரும், எழுதிய அறிக்கையை மீண்டும் அளந்து பார்ப்பவர் உண்டா என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குஜராத்தில் பயன் தந்தது குலுக்கல் மட்டுமன்று. இம்மூன்றும் சேர்ந்தே பயன் தந்தன.

நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி, எந்த ஆலை வாரியத்துக்கு அனுப்பிய சுற்றுச்சூழல் கூற்றையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். நம் நண்பர் சிலர் குர்லாவிலும் செம்பூரிலும் இவ்வாறு கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். பெரிய எண்களை விட்டுவிட்டு ஒரே ஒரு வரியை முதலில் பாருங்கள் என்று நாம் அவர்களிடம் சொன்னோம்: சென்ற ஆண்டு ஆலையை விட்டு வெளியேறிய காலி டிரம்கள் எத்தனை, அவற்றை வாங்கிச் சென்றவர் யார்.